எந்திரம் வரட்டும், எளியவனும் ஏறட்டும்

(அம்பர்நாத்தில் நடைபெற்ற நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இரயில்வேயில் எழுத்தராக இருப்பவர்கள் எந்திரத்தைப் பற்றிப் பேச வந்தால், "நாற்காலி போய்விடுமோ என்ற பயத்தில் பேசுகிறார்கள்" என்று சிலர் நினைப்பதுண்டு. அந்தச் சந்தேகத்தை முதலிலேயே தீர்த்துவிடுகிறோம். கணிப்பொறி வேண்டாம் என்று சொல்ல நாங்கள் இங்கே வரவில்லை. அது வந்ததால் கிடைத்த நன்மையை எங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்?

கணிப்பொறிக்கு முன்பு நிலைமை என்ன? மூத்த எழுத்தர்கள் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு வண்டிக்கும், ஒவ்வொரு தேதிக்கும் பதிவேடு. இந்த வண்டிக்கு இந்தச் சன்னல், அந்த வண்டிக்கு அந்தச் சன்னல். வரிசை மாறி நின்றுவிட்டால் அன்றைய பொழுது போயிற்று. ஊரிலிருந்து திரும்பி வர இடம் வேண்டுமென்றால் இங்கிருந்து தந்தி போக வேண்டும். பதில் வரும்வரை வாசலைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். எத்தனை இடம் காலி என்பது சன்னலுக்கு உள்ளே இருப்பவருக்குத் தெரியும். வெளியே நிற்பவருக்குத் தெரியாது. தெரியாத இடத்தில்தானே தரகன் முளைப்பான்!

1985-ஆம் ஆண்டு புதுடில்லியில் முதன்முதலாகக் கணிப்பொறி வழியே முன்பதிவு தொடங்கியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் பம்பாய்க்கும் சென்னைக்கும் வந்தது. 1999-இல் டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒரே வலையாக இணைந்தன. அதன்பின், திருநெல்வேலிக்கு மகளைப் பார்க்கப் போகும் தாய், கல்யாண் நிலையத்தில் ஒரே சன்னலில் நின்று போகவும் வரவும் சீட்டு வாங்க முடிந்தது. தந்தியும் இல்லை, தவிப்பும் இல்லை.

சுமந்தவர் யார்?

தோழர்களே, அந்த மாறுதல் ஏன் வேரூன்றியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மாறியது சன்னலுக்கு உள்ளே! வெளியே நின்ற மக்கள் வழக்கம்போலப் படிவத்தை எழுதி நீட்டினார்கள். எழுதத் தெரியாதவர் பக்கத்தில் நின்றவரிடம் எழுதி வாங்கினார். புதிய வேலையைக் கற்றுக்கொண்டவர் எழுத்தர். சம்பளம் வாங்குகிறவர் சுமையைத் தூக்கினார். பயணி பலனை அடைந்தார். அதுதான் நியாயம்.

ஊழியர்களும் எளிதில் தலையாட்டிவிடவில்லை. 1960-களின் நடுவில் கல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் கணிப்பொறி வைக்க முனைந்தபோது, ஊழியர்கள் அந்தக் கட்டிடத்தின் முன் இரவும் பகலும் காவலிருந்து தடுத்தார்கள். அவர்கள் அறிவுக்குப் பகைவர்கள் அல்லர். "எங்கள் பிழைப்புக்கு என்ன உறுதி?" என்ற கேள்விக்கு விடை கேட்டார்கள். 1983-இல் வங்கி ஊழியர் சங்கங்கள் நிர்வாகங்களோடு உட்கார்ந்து பேசி, எந்திரம் எங்கே, எந்த அளவுக்கு என்று ஒப்பந்தம் போட்டார்கள். பேசி முடித்த பிறகு வந்த எந்திரத்தோடு யாரும் சண்டை போடவில்லை.

சுமை இடம் மாறியது

2002 ஆகஸ்டில் இணையத்தில் இரயில் சீட்டு விற்பனை தொடங்கியது. இன்று முன்பதிவுச் சீட்டுகளில் பத்தில் எட்டுக்கும் மேல் இணையத்தில்தான் வாங்கப்படுகின்றன. விடியுமுன்னே எழுந்து வரிசையில் துண்டு போட்டு இடம் பிடித்த காலம் பலருக்கு ஒழிந்தது. இது நல்லது. மறுக்கவில்லை.

ஆனால் இந்த முறை மாறியது எது? சன்னலே வெளியே வந்துவிட்டது! எழுத்தர் செய்த வேலை முழுவதும் பயணியின் கைக்கு மாறியது. கைப்பேசி வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், கடவுச்சொல் நினைவிருக்க வேண்டும், விரல் வேகம் வேண்டும். வேலையையும் நாமே செய்து, அதற்குக் கட்டணமும் நாமே கட்டுகிறோம். குளிர்சாதனம் இல்லாத வகுப்புக்குப் பத்து அல்லது பதினைந்து ரூபாய், குளிர்சாதன வகுப்புக்கு இருபது அல்லது முப்பது ரூபாய், அதற்கு மேல் வரி. சன்னலில் வாங்கினால் இந்தக் கட்டணம் கிடையாது.

தத்காலைப் பாருங்கள். படுக்கை வகுப்புக்கு முந்தின நாள் காலை பதினொரு மணிக்குத் திறக்கிறது. பதினொரு மணிக்கு நம் ஆள் எங்கே இருப்பார்? தொழிற்சாலையில் எந்திரத்தின் முன்னால், அல்லது கட்டிடச் சாரத்தின் மேலே. சீட்டுக்காக அரைநாள் விடுப்பு எடுத்தால் அரைநாள் கூலி போகும். எடுக்காவிட்டால் தரகனிடம் போக வேண்டும்.

தரகனைத் தடுக்க, 2025 ஜூலை 1 முதல் இணையத்தில் தத்கால் வாங்க ஆதார் சரிபார்ப்பு கட்டாயமாயிற்று. முதல் அரைமணி நேரம் முகவர்களுக்கு விற்பனை இல்லை என்றும் விதித்தார்கள். நோக்கம் நல்லது, வரவேற்கிறோம். ஆனால் ஆதாரோடு பதிவு செய்த பழைய எண் தொலைந்துபோய், புது எண் வைத்திருக்கும் கூலித் தொழிலாளிக்கு இரகசிய எண் எங்கே போய்ச் சேரும்? திருடனுக்குப் போட்ட பூட்டில் வீட்டுக்காரர் மாட்டிக்கொள்ளக் கூடாது அல்லவா?

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கணிப்பொறி படுக்கையைப் பெருக்காது; இருப்பதைப் பங்கிடும். கோடை விடுமுறையில் நாகர்கோவில் வண்டிக்கு ஆயிரம் பேர் நின்றால், சன்னலில் நின்றாலும் இணையத்தில் நின்றாலும் வண்டி ஒன்றுதான். கூடுதல் வண்டி கேட்கும் குரலை, "செயலி வந்துவிட்டதே" என்ற பதில் அடக்கிவிடக் கூடாது.

எந்திரத்தின் பக்கத்தில் ஒரு மனிதர்

புறநகர் நிலையங்களில் நடந்ததைப் பாருங்கள். 2007-இல் மும்பையில் தானியங்கிச் சீட்டு எந்திரம் வந்தது. ஆளில்லாமல் சீட்டு கிடைக்கும் என்றார்கள். பிறகு என்ன ஆயிற்று? ஓய்வுபெற்ற இரயில்வே ஊழியர்களைக் கழிவுத்தொகை கொடுத்து எந்திரத்தின் பக்கத்தில் நிறுத்தினார்கள். அதன்பின் அங்கேயும் வரிசை நின்றது! மனிதருக்குப் பதிலாக வந்த எந்திரத்துக்கே ஒரு மனிதர் தேவைப்பட்டார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுக்கும் ஆள்தான் உதவுவார்.

ஆகவே நமது கோரிக்கைகள் மூன்று. ஒன்று: இணையம் பெருகிவிட்டது என்ற காரணம் காட்டி முன்பதிவுச் சன்னல்களை மூடக் கூடாது, எஞ்சியிருக்கும் அந்த இருவர் யார் என்று பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும். இரண்டு: புதிய முறை எது வந்தாலும், ஊழியருக்கு வேலை நேரத்திலேயே பயிற்சி தர வேண்டும். மூன்று: எந்திரம் வைக்கும் இடமெல்லாம் உதவிக்கு ஓர் ஆள் வேண்டும்.

கேட்பதோடு நின்றுவிடலாமா? கூடாது. அம்பர்நாத்தில் ஆலை வேலைக்கு வந்த நம் பெரியவர்கள், கடிதம் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுத்து வாழ்ந்தவர்கள். இன்று அந்தக் கடமை கைப்பேசி வடிவில் வந்திருக்கிறது. ஞாயிறுதோறும் மாலையில் நம் பிள்ளைகள் இருவர் சங்கத்தில் உட்காரட்டும். ஆதாரில் எண்ணை மாற்றுவது எங்கே, கணக்குத் தொடங்குவது எப்படி என்று சொல்லிக் கொடுக்கட்டும். கவனியுங்கள்: சொல்லிக் கொடுக்கட்டும் என்கிறோம், காசு வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுக்கட்டும் என்று சொல்லவில்லை. அனுமதியில்லாமல் சீட்டு வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்தால், 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 143-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. தரகனை எதிர்க்கும் சங்கம் தரகனாகிவிடக் கூடாது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. "எனக்கு இதெல்லாம் தெரியாது தம்பி" என்று ஒதுங்காதீர்கள். பதிவேட்டில் மட்டுமே எழுதிப் பழகி, ஐம்பது வயதில் கணிப்பொறி முன் உட்கார்ந்த மூத்த எழுத்தர்கள் கற்றுக்கொண்டார்கள். சொல்லிக் கொடுக்க ஆளும், பிழை செய்தால் கோபிக்காத மனமும் இருந்தால் எவரும் கற்பார்.

வரும் ஞாயிறு மாலை சந்திப்போம். கைப்பேசியும் ஆதாரும் கையில் இருக்கட்டும்.