பூனையும் கர்ப்பிணியும்

தில்லியில் என் அண்டை வீட்டார் நெடுநாளாக ஒரு பூனையை வளர்த்து வந்தனர். அவ்வீட்டு மருமகள் கருவுற்றதும், பூனையைத் துரத்திவிட வேண்டும் என்று பெரியவர்கள் தீர்ப்புக் கூறினர். அப்பெண் கலங்கினாள். காரணம் கேட்டால், 'பூனையால் குழந்தைக்கு ஆபத்தாம்' என்பதற்குமேல் எவராலும் விளக்க இயலவில்லை. அவ்வச்சத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை என்பதை இன்று ஆராய்வோம்.

இவ்வச்சத்திற்கு மூலமாய் இருப்பது டாக்ஸோபிளாஸ்மா என்னும், கண்ணுக்குப் புலனாகாத ஓர் ஒட்டுண்ணி. 1908-ஆம் ஆண்டில் டூனிஸ் நகரில் நிக்கோல், மான்ஸோ என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், கொறித்துண்ணும் பிராணி ஒன்றின் உடலில் இதனைக் கண்டனர். பூனையின் மலத்தோடு இதன் வித்துக்கள் வெளிப்படுகின்றன என்பது தெளிவானதோ 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான்.

இந்நோயின் வஞ்சனை யாதெனில், தாய்க்குப் பெரும்பாலும் அறிகுறி ஏதும் தோன்றுவதில்லை. ஆயினும், கர்ப்பகாலத்தில் முதன்முறையாகத் தொற்றுமாயின், நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவை அடையக்கூடும். ஆரம்ப மாதங்களில் அவ்வாறு பரவும் வாய்ப்புக் குறைவு. பரவினாலோ கருச்சிதைவு, மூளையில் நீர்க்கோவை, பார்வைக் கேடு போன்ற பெருந்தீங்குகள் நேரலாம். கடைசி மாதங்களில் பரவும் வாய்ப்பு மிகுதி. தீங்கு பொதுவாகக் குறைவு. எனினும், பிறக்கையில் நலமாகத் தோன்றும் குழந்தைக்கும் பின்னாளில் கண்நோய் வரக்கூடும். கருவுறுவதற்கு நெடுநாள் முன்பே தொற்றுப்பெற்ற தாயின் சிசு, அவளது எதிர்ப்பாற்றலால் பெரும்பாலும் காக்கப்படுகிறது.

அப்படியாயின் பூனையைத் துரத்த வேண்டுமா? வேண்டுவதில்லை. வெளிப்பட்ட வித்து உடனே தொற்றுவதில்லை. முதிர்வதற்கு ஒரு நாளேனும் ஆகும். ஆகவே பூனையின் மணல் தட்டை வேறொருவர் நாள்தோறும் தூய்மை செய்தல் போதும். பூனையைத் துரத்திவிட்டு, அரைவேக்காட்டு இறைச்சியையும் கழுவாத கீரையையும் உண்பதால் பயன் என்ன? ஈரமண்ணில் இவ்வித்துக்கள் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். எனவே இறைச்சியை நன்கு வேகவைத்தலும், காய்கனிகளைக் கழுவுதலும், தோட்டவேலைக்குப்பின் சோப்பிட்டுக் கை கழுவுதலும் இன்றியமையாதவை. ஐயம் எழுந்தால் டாக்டரை நாடுக. இரத்தப் பரிசோதனையும் உண்டு, சிகிச்சையும் உண்டு.

அண்டை வீட்டில் இன்று குழந்தையும் நலம், பூனையும் நலம். கர்ப்பகாலம் முழுவதும் மணல் தட்டைத் தூய்மை செய்தவர், துரத்தச் சொன்ன மாமனாரே!