தரைக்கடை போட்ட எழுத்தாளர்: சாவ் ஷூலியின் நடையும் அதன் விலையும்



யாருடைய நினைவாக ஆண்டுதோறும் இங்கே கூடுகிறோமோ, அந்தத் தோழருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எங்களில் யாராவது புதிதாக ஒரு கதை எழுதிக்கொண்டு போனால் உடனே வாங்கிப் படிக்கமாட்டார். "உங்க அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினியா?" என்று கேட்பார். இல்லை என்றால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்போது எங்களுக்குக் கோபம் வந்ததுண்டு. இன்று நாம் பேசப்போகும் சீன நாவலாசிரியருக்கும் அந்தச் சோதனை நேர்ந்தது. அவர் படித்துக் காட்டியது அப்பாவுக்கு.

சாவ் ஷூலி 1906இல் வடசீனத்தின் ஷான்ஷி மாகாணத்தில், சின்ஷுய் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தார். அப்பா விவசாயி, நாள் நட்சத்திரம் பார்ப்பார், குறி சொல்வார், கைவைத்தியமும் செய்வார். மகன் ஊர்க்காரர்களின் இசைக்குழுவில் மேளதாளம் பழகி, வட்டாரக் கூத்துகளைக் கேட்டு வளர்ந்தார். பிறகு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தபோதுதான் புதிய இலக்கியம் கைக்கு வந்தது. 1919இன் மே நான்காம் இயக்கத்தை ஒட்டி, பழைய செவ்வியல் நடையை உதறிவிட்டுப் பேச்சுமொழியில் எழுதுவோம் என்று கிளம்பிய தலைமுறையின் இலக்கியம் அது. விடுமுறையில் அந்தப் புத்தகங்களை ஊருக்கு எடுத்துப்போய், லூ ஷுனின் ஆ க்யூ கதையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினார். ஏழைக் கூலிக்காரன் ஒருவனைப் பற்றிய கதைதான். ஆனால் அப்பாவுக்குப் பிடிபடவில்லை. அவர் தம் பழைய கூத்துப் பாட்டுப் புத்தகத்துக்கே திரும்பிப் போனார்.

பேச்சுமொழி என்று அறிவித்துக்கொண்ட இலக்கியம் பேசுகிறவர்களை எட்டவில்லை. அதன் வாக்கியங்கள் ஐரோப்பிய நாவல்களின் பாணியில் நீண்டு வளைந்தன. அதைப் படிக்கப் பள்ளிப் படிப்பு வேண்டும். செவ்வியல் மொழியின் இடத்தில் இன்னொரு மேட்டுமொழி வந்து உட்கார்ந்திருந்தது. சாவ் ஷூலி ஒரு முடிவெடுத்தார். சீன மொழியில் இலக்கிய மேடையைக் குறிக்கும் சொல்லும், தரையில் விரித்துப்போடும் கடையைக் குறிக்கும் சொல்லும் கேட்க ஒன்றுபோல இருக்கும். எனக்கு மேடை வேண்டாம், சந்தை நாளில் பாட்டுப் புத்தகம் விற்கிறவர்களுக்குப் பக்கத்தில் ஒரு தரைக்கடை போதும் என்றார் அவர்.

அந்தக் கடைச்சரக்கு எப்படி இருந்தது? 1943இல் வந்த 'சியாவ் ஏர்ஹேயின் திருமணம்' கதையைப் பாருங்கள். தொடக்கத்தில் மலை வருணனை கிடையாது, மன ஓட்டம் கிடையாது. இந்த ஊரில் இரண்டு சாமிகள் உண்டு என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்வதுபோல ஆரம்பிக்கிறது. ஒருவர் எதற்கெடுத்தாலும் பஞ்சாங்கம் பார்க்கிறவர். நல்ல மழை பெய்து ஊரே விதைக்கப் போனபோது, நாள் சரியில்லை என்று வீட்டில் இருந்து பருவத்தைக் கோட்டைவிட்டவர். இன்னொருவர் சாமியாடும் பெண். அருள் வந்து ஆடிக்கொண்டிருக்கும்போதே, சோறு குழைந்துபோகிறது என்று மகளிடம் கிசுகிசுத்து மாட்டிக்கொண்டவர். ஆளை அறிமுகப்படுத்த ஒரு பட்டப்பெயர், பட்டப்பெயருக்கு ஒரு கதை. சின்னச் சின்ன வாக்கியம், சின்னச் சின்ன அத்தியாயம். உரக்கப் படித்தால் படிப்பறியாதவருக்கும் புரியும். பஞ்சாங்கக்காரருக்கு முன்மாதிரி அவருடைய அப்பாவேதான்.

இந்தக் கதையைத் தொடக்கத்தில் கட்சியின் படித்த தோழர்கள் சிலரே மதிக்கவில்லை. தளபதி பெங் தேஹுவாய் பாராட்டி எழுதிக் கொடுத்த பிறகுதான் புத்தகமாயிற்று. வந்ததும் தாய்ஹாங் மலைப்பகுதி முழுக்கப் பரவியது. கூத்தாகவும் ஆடினார்கள். ஒரு தேதியையும் மனதில் வைக்கவேண்டும். எழுத்தாளர்கள் உழைக்கும் மக்களுக்காக எழுதவேண்டும் என்று மாவோ யெனானில் பேசியது 1942 மே மாதம். அந்த உரை அச்சில் வெளிவந்தது 1943 அக்டோபரில். சாவ் ஷூலியின் கதை அதற்கு முந்தைய மாதமே வந்துவிட்டது. ஆக, அவர் நடை மேலிடத்துக் கட்டளையில் பிறந்தது இல்லை. மேலிடம்தான் தன் கோட்பாட்டுக்கு ஓர் உதாரணம் தேடி அவரைக் கண்டெடுத்தது. 1947இல் கட்சியின் வட்டார எழுத்தாளர் கூட்டம் 'சாவ் ஷூலி திசை' என்று முழக்கமே வைத்தது. ஓர் எழுத்தாளரைத் திசைகாட்டியாக்குவது பெருமைதான். ஆனால் திசைகாட்டி தன் விருப்பத்துக்குத் திரும்பினால் பொறுக்கமாட்டார்கள். அதைப் பின்னால் பார்ப்போம்.

நமக்கு மிக நெருக்கமான படைப்பு, அதே ஆண்டில் எழுதிய 'லி யூசாயின் பாட்டுகள்'. கதை நடக்கும் ஊரின் மேற்குப் பக்கம் மாடி வீடுகள், நடுவில் மாடியில்லாத வீடுகள், கிழக்குக் கோடியில் ஒரு கிழட்டு மரத்தடியில் வரிசையாக மண்குகை வீடுகள். அந்த மரத்தடி ஆட்களை யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வயதானால் 'கிழ' என்று ஓர் ஒட்டு, இளையவர் என்றால் 'குட்டி' என்று ஓர் ஒட்டு, அவ்வளவுதான். வீடு இருக்கும் இடத்தையும் கூப்பிடும் விதத்தையும் சொன்னாலே ஊரின் அதிகாரம் முழுதும் விளங்கிவிடுகிறது. அதைத் தனியாக விளக்க ஆசிரியர் ஒரு வரிகூடச் செலவழிப்பதில்லை. நிலமில்லாத மாடுமேய்ப்பவர் லி யூசாய், கட்டை தட்டிப் பாட்டுக் கட்டி ஊர்ப் பெரியவர்களைக் கிழிக்கிறார். அதனால் ஊரைவிட்டே துரத்தப்படுகிறார். கட்சியிலிருந்து வரும் இளைஞர், பெரிய வீட்டுக்காரர்கள் சொன்னதை நம்பி அதை 'முன்மாதிரி கிராமம்' என்று எழுதிவிட்டுப் போகிறார். பண்ணைக் கூலியாக இருந்து மேலே வந்த இன்னொருவர் மரத்தடியில் தங்கிய பிறகுதான் உண்மை வெளியே வருகிறது. புரட்சி வந்த ஊரிலும் பழைய ஆட்கள் புதிய நாற்காலியில் உட்காருவார்கள் என்பதை 1943இலேயே எழுதியவர் அவர்.

ஆனால் தோழர்களே, புகழ்ந்துவிட்டு மட்டும் போவதற்காக இந்த நாளை நாம் வைக்கவில்லை. இரண்டு கேள்விகளை இங்கே கேட்டாகவேண்டும்.

முதல் கேள்வி, திருமணக் கதையின் முடிவு. கதையில் காதலர்களைப் பிடித்துக் கட்டிய ஊர் அதிகாரிகள் தண்டிக்கப்படுகிறார்கள், கல்யாணம் நடக்கிறது. இந்தக் கதைக்கு மூலமான சம்பவத்தில் கல்யாணம் நடக்கவில்லை. சுவோச்சுவான் வட்டாரத்தில் அந்த இளைஞரைப் புதிய ஆட்சியின் ஊர்ப் பொறுப்பாளர்களே அடித்துக் கொன்றார்கள். விசாரிக்கப்போன சாவ் ஷூலி இன்னொன்றையும் கண்டார். கொன்றது அதிகம், கண்டித்து அடித்தது தப்பில்லை என்றே ஊரும் உறவும் நினைத்தன. ஆணவக் கொலை நடந்த ஊர்களுக்கு உண்மை அறியும் குழுவாகப் போன நமக்கு இந்தக் குரல் புதிதில்லை. நம்பிக்கை கொடுக்கவேண்டிய காலம் என்று அவர் முடிவை மாற்றினார். அந்தக் கதை எத்தனையோ இளைஞர்களுக்குத் துணிச்சல் கொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் கொலை செய்தவர்களின் பின்னால் நின்ற ஊரின் ஒப்புதலும் அந்தச் சுப முடிவோடு சேர்ந்து மறைந்துபோயிற்று. கதையில் குற்றவாளிகள் இரண்டு கெட்ட சகோதரர்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வி, கதையின் சிரிப்பு. சாமியாடும் அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது. பவுடர் பூசி, பூப்போட்ட செருப்புப் போட்டு வட்டார அலுவலகத்துக்கு வருகிறார். கூட்டம் சூழ்ந்து வேடிக்கை பார்த்துச் சிரிக்கிறது; ஆசிரியரும் கூடச் சிரிக்கிறார். வயதான பெண் அலங்காரம் செய்யக்கூடாது என்பது கிராமத்தின் பழைய சட்டம். மக்கள் மொழியில் மக்களின் அறிவும் இருக்கும், மக்களின் இழிவுபடுத்தலும் இருக்கும். சொந்த அப்பாவைப் பார்த்துச் சிரித்தபோது அவர் நடைக்கு இருந்த பரிவு, இந்தப் பெண்ணிடம் வரும்போது இல்லை.

இனி அந்த விலைக்கு வருவோம். 1949க்குப் பிறகு அவர் பெய்ஜிங்கில் இருந்தாலும் கிராமத்துக்குப் போவதை விடவில்லை. களத்தில் முட்டிய பிரச்சினைதான் என் கதை என்பது அவர் கொள்கை. 1955இல் கூட்டுறவுப் பண்ணை பற்றி 'சான்லிவான்' நாவல் வந்தது. 1958இல் ஒரு சிறுகதை. அதில் வேலைக்கு வராத இரண்டு பெண்களுக்குப் பட்டப்பெயர் உண்டு. ஒருத்தி 'கால்வலி', இன்னொருத்தி 'வயிறு நிறையாதவள்'. பருத்தி பொறுக்க வரச்சொல்லி, திட்டம்போட்டு, அவர்களைத் திருடிகளாகப் பிடிக்கிறார் பண்ணைப் பொறுப்பாளர். உழைக்கும் மக்களை இழிவுபடுத்தும் கதை என்று எழுந்த கண்டனம் மறு ஆண்டு விவாதமாக வெடித்தது. இங்கேயும் சிரிப்பு பெண்கள்மேல்தான் விழுகிறது. ஆனால் இந்த முறை சிரிப்பு முழுதாக வரவில்லை. அடுத்த ஆண்டுகளில் சீனக் கிராமங்களில் பெரும் பஞ்சம் வந்து கோடிக்கணக்கானவர்கள் மடிந்தார்கள். அதற்கு முன்பே 'வயிறு நிறையாதவள்' என்ற பெயர் அந்தக் கதைக்குள் வந்துவிட்டது. அவருக்கே முழுதும் தெரிந்திருக்குமா என்று சொல்லமுடியாது. காதில் விழுந்ததை எழுதும் நடைக்குத் தெரிந்திருந்தது.

1959இல் கம்யூன்கள் உற்பத்தியை எப்படி வழிநடத்தவேண்டும் என்று நீண்ட கட்டுரை எழுதி, கட்சியின் கோட்பாட்டு இதழான 'செங்கொடி'யின் ஆசிரியருக்கு அனுப்பினார். அது அச்சேறவில்லை. பதிலுக்கு எழுத்தாளர் சங்கத்தில் அவரை நிறுத்திக் கண்டனக் கூட்டங்கள் நடந்தன. 1962இல் தாலியன் நகரில் நடந்த இலக்கியக் கூட்டத்தில் அவரை மறுபடி பாராட்டினார்கள். இரண்டே ஆண்டில், வீரர்களை விட்டுவிட்டு 'இடைநிலை மனிதர்களை' எழுதுகிறார் என்று அதே பாராட்டே குற்றமாயிற்று. கலாசாரப் புரட்சியில் ஊர் ஊராக இழுத்து அவமானப்படுத்தினார்கள். எலும்பு முறியும்வரை வதைத்தார்கள். 1970 செப்டம்பர் 23 அன்று தாய்யுவானில் இறந்தார். பல ஆண்டுகள் கழித்துத்தான் அவர் பெயர் மீட்கப்பட்டது.

இருபது ஆண்டுகளுக்கு முன் அவரைத் திசை என்று சொன்ன கட்சிதான் இதைச் செய்தது. நடை மாறியதா? இல்லை. அதே சின்ன வாக்கியம், அதே பட்டப்பெயர். நிலப்பிரபுவைக் குத்தியவரை அது மக்கள் மொழி. புதிய பொறுப்பாளரைக் குத்தியதும் அது அவதூறு.

இங்கே நமக்கும் ஒரு பாடம் உண்டு. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது இதெல்லாம் ஒரு மொழியா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இன்று அது பாடத்திட்டத்தில் இருக்கிறது, நாம் மகிழ்கிறோம். ஆனால் வழக்குமொழியைக் கொண்டாடத் தொடங்கியவர்கள், அந்த மொழி நம் இயக்கத்தையே, நம் தலைவர்களையே, நம் வீட்டு ஆண்களையே கேள்வி கேட்கும்போது என்ன செய்கிறோம்? இப்போது வேண்டாம், எதிரிக்குப் பயன்படும் என்று எத்தனை கைப்பிரதிகளை நாமே மடித்து வைத்திருக்கிறோம்? மாணவத் தோழர்கள் எங்களிடம் இதைக் கேட்கவேண்டும்.

நம் தோழர் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். அம்மாவுக்குப் படித்துக் காட்டுவது அவருக்குப் புரிகிறதா என்று பார்க்க மட்டுமில்லை. கேட்டுவிட்டு, "இப்படி நடக்கலையேடா" என்று அவர் சொல்லலாம். அப்போது கதையைத் திருத்தத் தயாராக இருக்கவேண்டும். தரைக்கடையில் உட்காருகிறவருக்கு அந்த வசதி உண்டு. வாங்குகிறவர் எதிரிலேயே நிற்கிறார். அந்த இடத்தைவிட்டு நாம் எழுந்துவிடாமல் இருப்போம்.

ஜெய்பீம்.