நன்னூல் காட்டும் நெறியும் வலையமைப்புத் தேர்வும்

(அறக்கட்டளை விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கொருக்குப்பேட்டை ரயில் நிலையத்தை அறியாதார் இந்த அவையில் இரார். சென்ட்ரலிலிருந்து பேசின் பிரிட்ஜ் வழியே வரும் இருப்புப்பாதையும், கடற்கரையிலிருந்து இராயபுரம், வண்ணாரப்பேட்டை வழியே வரும் இருப்புப்பாதையும் இங்கே ஒன்றுகூடி வடக்கே கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்கின்றன. பயணிகள் வண்டியும் சரக்கு வண்டியும் இதே பாதைகளைப் பகிர்ந்துகொள்கின்றன. எந்த வண்டியை எந்தப் பாதையில் விடுவது, எதை முன்னே அனுப்புவது, எதைச் சற்று நிறுத்துவது என்னும் முடிவு நொடிதோறும் இங்கே எடுக்கப்படுகிறது.

கணினி வலையமைப்பில் இதே பணியைச் செய்யும் கருவிக்கு ரவுட்டர் என்று பெயர். நாம் அனுப்பும் கடிதமோ படமோ சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் முகவரி எழுதப்பட்டுப் புறப்படுகிறது. வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் அந்த முகவரியைப் படித்து, அடுத்து எந்தப் பக்கம் அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் முடிவு செய்கிறது. ஒரு பாதை அறுந்தால் மாற்றுப் பாதையைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. அக்கணக்குகளுள் ஒன்றை வகுத்தவர் டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. ராட்டர்டாமிலிருந்து குரோனிங்கன் செல்ல மிகக் குறுகிய வழி எது என்னும் வினாவுக்கு, 1956ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் காப்பிக்கடை ஒன்றில் அமர்ந்து, தாளும் பென்சிலும் இன்றி இருபது நிமிடத்தில் விடை கண்டதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார்.

இந்தத் துறைக்கும் நம் கடற்கரைக்கும் நெருங்கிய உறவு உண்டு. சிங்கப்பூருக்கும் அதற்கு அப்பாலும் செல்லும் கடலடிக் கம்பிவடங்கள் சென்னைக் கரையில் ஏறுகின்றன. சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீள ஒளியிழை வடம் 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்டது. முன்னாளில் இப்பகுதிப் பிள்ளைகளுக்குத் துறைமுகமும் ரயில்வேயும் ஆலைகளும் வேலை தந்தன. இன்று அவ்வரிசையில் வலையமைப்புப் பணியும் சேர்ந்திருக்கிறது. அதற்கு வாயில்களாக நிற்பவை சான்றிதழ்த் தேர்வுகள்.

அவற்றுள் தொடக்கநிலைத் தேர்வு சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. தேர்வு நேரம் 120 நிமிடம். ஒரு வினாவைக் கடந்துவிட்டால் திரும்பிவந்து திருத்த இயலாது. உச்சியில் இருப்பது சி.சி.ஐ.இ. 1993ஆம் ஆண்டு தொடங்கிய அத்தேர்வில் 1024 என்னும் முதல் எண் தேர்வுக்கூடத்துக்கே வழங்கப்பட்டது. 1025 தேர்வை வடிவமைத்த ஸ்டூவர்ட் பிக்ஸுக்கும், 1026 நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வந்து முதலில் வென்ற டெர்ரி ஸ்லாட்டரிக்கும் உரியவை ஆயின. தொடக்கத்தில் இரண்டு நாள் நடந்த செய்முறைத் தேர்வு இப்போது எட்டு மணி நேரத் தேர்வாக உள்ளது. முதல் மூன்று மணி நேரம் வலையமைப்பைத் திட்டமிடுவதற்கும், எஞ்சிய ஐந்து மணி நேரம் அதை அமைத்து, இயக்கி, பழுது நீக்குவதற்கும் உரியவை. பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்னும் நிபந்தனை எதுவும் இல்லை. தெரியுமா, தெரியாதா என்பது ஒன்றே கேள்வி. பலர் ஒருமுறைக்கு மேல் எழுதியே வெல்கின்றனர்.

இத்தகைய தேர்வுக்கு எவ்வாறு ஆயத்தமாவது? பதின்மூன்றாம் நூற்றாண்டில் சமண முனிவர் பவணந்தியார் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில் இதற்கு வழி இருக்கிறது என்றால் வியப்பாக இருக்கலாம்.

அவர் மாணாக்கரை முத்திறத்தினராகப் பகுக்கிறார். அன்னமும் பசுவும் போன்றோர் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றோர் இடைநிலையினர். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி போன்றோர் கடைமாணாக்கர். இக்காலத்து மாணவர்க்கும் இவ்வுவமைகள் அப்படியே பொருந்துகின்றன. ஒரு காணொளியில் ஐந்து நிமிடம், மற்றொன்றில் ஐந்து நிமிடம் என்று தாவுபவர், செடிதோறும் ஓரிரு இலை கடித்து ஓடும் ஆடு. நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைத் தேக்கிக்கொள்ளும் நெய்யரியோ, காரணத்தை விட்டுவிட்டுக் கட்டளைச் சொற்களை மட்டும் மனப்பாடம் செய்பவர். பசு கிடைத்த இடத்தில் வயிறார மேய்ந்து, பின்னர் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும். பணி முடிந்து மின்ரயிலில் திரும்பும் இளைஞர் காலையில் படித்த பாடத்தை மனத்துள் மீட்டெடுத்துப் பார்ப்பதும் அந்த அசைபோடுதலே.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஐம்பது கணினிகள் உள்ள அலுவலகத்துக்கு முகவரித் தொகுதி ஒன்று ஒதுக்க வேண்டும். தொகுதிகள் 32, 64, 128 என இரட்டித்தே அமையும். ஒவ்வொரு தொகுதியிலும் முதல் முகவரி அத்தொகுதியின் பெயராகவும், இறுதி முகவரி அனைவர்க்கும் ஒருசேர அறிவிப்பதற்காகவும் கழிந்துபோகும். எனவே 32இல் முப்பதே மிஞ்சும், போதாது. 64இல் 62 மிஞ்சும், போதும். இக்காரணத்தை உணர்ந்தவர் ஐம்பதுக்குப் பதில் எழுபது என்று கேட்டாலும் 128 என்று தயங்காமல் விடை சொல்வார். 64 என்பதை மட்டும் மனப்பாடம் செய்தவர் அங்கேயே திகைத்து நிற்பார்.

பவணந்தியார் மற்றொரு கணக்கும் தருகிறார். ஆசிரியர் உரைத்ததை நன்கு உளங்கொண்டாலும் புலமையின் காற்பங்கே கைவரும். உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதாலேயே நிறைவுறும். பெருந்தொகை செலுத்திப் பயிற்சி வகுப்பில் சேர்வோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வகுப்பால் கிடைப்பது காற்பங்குதான். மீதியை மூன்று நண்பர்கள் மாலையில் கூடி, பாக்கெட் டிரேசர் போன்ற இலவசப் பயிற்சி மென்பொருளில் ஒரு வலையமைப்பை அமைத்து, ஒருவர் அதில் வேண்டுமென்றே பழுது உண்டாக்க மற்றவர் கண்டறிந்து சரிசெய்து, அதற்குரிய காரணத்தைச் சொல்லில் விளக்குவதன் மூலம் பெறலாம்.

இனிச் சற்றுக் கசப்பான ஒன்றையும் பேசியாக வேண்டும். கிளி என்பது சொல்லிக் கொடுத்ததை மட்டும் சொல்வது. இத்தேர்வுகளைச் சூழ்ந்து கிளிகளை உருவாக்கும் வாணிகம் ஒன்று நடக்கிறது. தேர்வறையிலிருந்து களவாடப்பட்ட வினாக்களும் விடைகளும் ‘டம்ப்’ என்னும் பெயரில் விற்கப்படுகின்றன. தேர்வெழுதும் ஒவ்வொருவரும் வினாக்களை வெளியிடேன் என்று உறுதிமொழி அளித்த பின்னரே உள்ளே அமர்கிறார். ஆகவே அவ்வினாத்தாளில் வாய்மை தவறியவர் ஒருவர், களவுப்பொருள் கொண்டவர் ஒருவர் என இருவர் குற்றம் படிந்திருக்கிறது. கள்ளாமையையும் வாய்மையையும் நோன்பாகப் போற்றும் மரபினர் ‘எல்லாரும்தானே செய்கிறார்கள்’ என்று இதைக் கடந்துபோதல் தகாது. கண்டறியப்பட்டால் சான்றிதழ் பறிபோகும், மீண்டும் எழுதத் தடையும் வரலாம். கண்டறியப்படாவிட்டாலோ தீங்கு அதனினும் பெரிது. நள்ளிரவில் ஒரு மருத்துவமனையின் வலையமைப்பு அறுந்து, ஆய்வுக்கூட முடிவு மருத்துவரை எட்டாத நிலையில், பழுது நீக்க வந்தவர் கையில் சான்றிதழ் மட்டுமே இருந்தால் என்ன ஆகும்?

ஆயினும் இளைஞரை மட்டும் கடிந்து பயனில்லை. அவர் ஏன் அவ்வழியை நாடுகிறார்? சி.சி.என்.ஏ. கட்டணம் 300 டாலர். உச்சநிலைச் செய்முறைத் தேர்வுக்கோ ஆயிரத்து ஐந்நூறு டாலருக்கும் மேல், அதனோடு பெங்களூருத் தேர்வுக்கூடத்துக்குச் சென்றுவரும் செலவு வேறு. தந்தையின் சேமிப்பையோ தாயின் வளையலையோ நம்பிக் கட்டணம் செலுத்தியவருக்கு ஒருமுறை தோற்பதற்கும் வசதி இல்லை. அந்த அச்சமே அவரைக் களவு வினாத்தாளின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

எனவே கல்வி உதவி வழங்கும் அறக்கட்டளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வெற்றி பெற்றோர்க்குப் பரிசளிப்பது நன்று. அதனினும் நன்று, நேர்மையாகப் படித்து முதன்முறை தவறியவருக்கு இரண்டாம் முறைக் கட்டணத்தை வட்டியின்றிக் கடனாக வழங்குவது. வென்று வேலையில் அமர்ந்தபின் அவர் அதைத் திருப்பிச் செலுத்தட்டும். அத்துடன் வாரம் இரு மாலை, தமக்குப் பின்வருவோர்க்குப் பாடம் எடுத்துரைக்கட்டும். அதனால் அறக்கட்டளையின் பணமும் மீளும், பவணந்தியார் சொன்ன எஞ்சிய அரைப்பங்குப் புலமையும் அவருக்கு நிறையும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். தேர்வில் தவறி வீடு திரும்பும் பிள்ளையிடம் ‘எவ்வளவு பணம் போயிற்று’ என்று முதலில் கேட்காதீர்கள். ‘எந்தப் பகுதி விளங்கவில்லை’ என்று கேளுங்கள். பாதை ஒன்று அடைபட்டால் ரவுட்டர் மறுபாதை தேடுகிறது. அந்தப் பொறுமையை நம் பிள்ளைகளுக்கும் நாம் அளிப்போம்.