பிள்ளையின் சாட்சியம்: ஐயுற வேண்டியது யாரை?

(வாலிபர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சிறு பிள்ளையின் வாய்ச்சொல்லை நீதிமன்றம் நம்பலாமா? இவ்வினாவுக்கு நம் மக்களிடையே இருவகை விடைகள் உலவுகின்றன. பிள்ளைக்குப் பொய் தெரியாது, அது சொல்வது தெய்வ வாக்கு என்பார் ஒரு சாரார். பிள்ளை கிளியைப் போன்றது, பழக்கியவர் சொன்னதையே சொல்லும் என்பார் மறு சாரார். முதல் விடை குற்றமற்றவனைச் சிறைக்கு அனுப்பும். இரண்டாம் விடை குற்றவாளியை வீட்டுக்கு அனுப்பும். அடுத்த பிள்ளையையும் அவன் கையில் ஒப்படைக்கும். இரண்டையும் நாம் மறுக்கின்றோம்.

சட்டம் கூறுவது யாது? 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் இன்றும் இந்நாட்டில் நிலவுகின்றது. அதன் 118ஆம் பிரிவு சாட்சிக்கு வயதெல்லை எதனையும் விதிக்கவில்லை. வினாவை விளங்கி, அறிவுக்கிசைந்த விடை கூற வல்லவர் எவரும் சாட்சியாகலாம். இளமை அதற்குத் தடையா என்பதை நீதிமன்றமே ஆராய்ந்து தீர்மானிக்க வேண்டும். அதே 1895ஆம் ஆண்டில் அமெரிக்க உயர் நீதிமன்றமும், கொலை வழக்கொன்றில் ஐந்தரை வயதை அண்மித்த சிறுவனின் சாட்சியத்தை ஏற்றது சரியே எனத் தீர்த்தது. எனவே, பிள்ளை சாட்சி சொல்லலாமா என்பது இன்று வழக்கன்று. அதன் சொல்லை எவ்வாறு நிறுப்பது என்பதே வழக்கு.

"கட்டிக் கொடுத்த சோறும் கற்றுக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?" என்பர் நம் முன்னோர். பாடமாக்கப்பட்ட பொய் குறுக்கு விசாரணையில் உடைந்து போகும் என்பது இதன் கருத்து. வேண்டுமென்றே சொல்லிக் கொடுத்த பொய்க்கு இது பொருந்தும். ஆனால் கேள்வியினூடே புகுத்தப்பட்ட சொல் அவ்வாறு எளிதில் உடைவதில்லை. அதனைப் பிள்ளை தன் நினைவென்றே நம்பிவிடுகின்றது.

1911இல் பெல்ஜியத்தில், சிறுமியொருத்தியின் கொலை வழக்கில் பிள்ளைகளே சாட்சிகளாயினர். வாரென்டொங்க் என்னும் உளநூலறிஞர், பள்ளிப் பிள்ளைகளிடம் அவர்கள் அறிந்த ஆசிரியர் ஒருவரின் தாடி என்ன நிறம் என்று வினவிப் பார்த்தார். மிகப் பலர் ஒரு நிறத்தைக் கூறினர். அவ்வாசிரியருக்கோ தாடியே இல்லை! பிள்ளைகளை நீதிமன்றம் கேட்கவே கூடாது என்பது அவ்வறிஞர் கண்ட முடிவு. நாம் காணும் முடிவு வேறு. தாடி உண்டா என்று அவர் கேட்கவில்லை; நிறம் என்னவென்றே கேட்டார். பிழை வினாவில் பிறந்தது.

கலிபோர்னியாவில் பாலர் பள்ளியொன்றின் மீது 1983இல் எழுந்த குற்றச்சாட்டும் இதனையே காட்டும். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் விடையைத் தூண்டும் வினாக்களால் துருவப்பட்டனர். 1990இல் வழக்கு முடிந்தபோது ஒருவர் மீதும் குற்றம் நிலைநாட்டப்படவில்லை. குற்றஞ் சாட்டப்பட்டோர் வாழ்வு சிதைந்தது. மெய் எதுவாயினும், அதனை அறியும் வழியும் அடைபட்டது. பின்னர் 1995இல் அங்கு வெளியான ஆய்வொன்று மறுபக்கத்தையும் காட்டியது: ஏதும் ஊட்டாது, "நடந்ததைச் சொல்" என்று மாத்திரம் கேட்கப்பட்ட மழலைகள் பெரும்பாலும் உள்ளதையே கூறினர்.

இங்கு நம் நிலை என்ன? 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் பிள்ளையின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து மன்றில் முன்வைக்க வழி வகுத்தது. 1988இன் பதினாறாம் திருத்தத்தின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நீதிமன்ற மொழியாகும். ஆனால் பிள்ளையின் சொல் முதலில் ஏறுவது நீதிமன்றப் படியில் அன்று, பொலிஸ் நிலையப் புத்தகத்தில். அப்புத்தகம் சிங்களத்தில் எழுதப்படின் நேர்வது யாது? "வந்தவர்" என்று நம் யாழ்ப்பாணப் பிள்ளை மரியாதையுடன் கூறுவது ஒருவரை. "வந்தவை" என்றால் பலரை. இவ்வேற்றுமை எழுதுவோன் கையில் நழுவினால், எதிரி ஒருவனா பலரா என்பதே மாறிவிடும். பின்னர் மன்றில், "பொலிசில் ஒன்று சொன்னாய், இங்கே வேறொன்று சொல்கின்றாய்" என்று பிள்ளையைப் பொய்யாக்குவர். பிள்ளை மாறவில்லை, அதன் சொல்லை மாற்றினர்! மொழியுரிமை என்பது பெயர்ப்பலகைக்கு மாத்திரம் உரியதன்று என நாம் வலியுறுத்துவது இதனாலேயே.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. பிள்ளையின் முதல் வாக்குமூலம் அதன் தாய்மொழியிலேயே, சொல்லுக்குச் சொல் எழுதப்படல் வேண்டும். விடையோடு வினாவும் பதியப்படல் வேண்டும். சட்டம் தந்த ஒளிப்பதிவு ஏட்டில் உறங்காது, வழக்குத்தோறும் கையாளப்படல் வேண்டும். நினைவு மங்குமுன் வழக்கு விசாரிக்கப்படல் வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை துயரொன்றைச் சொன்னால் "அவன்தானே செய்தான்?" என்று கேளாதீர்கள். "என்ன நடந்தது?" என்று ஒருமுறை கேளுங்கள், பிள்ளை சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதிருங்கள், கேட்டதை அன்றே எழுதி வையுங்கள். பிள்ளைக்கு நீதி கிடைக்கவும், குற்றமற்றவன் காக்கப்படவும் வழி அதுவே.