கடல் கடக்கும் செல்வமும் காவல் வேண்டும் பேனாவும்
(இணுவிற் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடனை இறுக்க இயலாதென இந்நாடு கைவிரித்தது. அவ்வாண்டு தோட்டத்துக்கு நீரிறைக்க மண்ணெண்ணெய் தேடி வரிசையில் நின்றோம். ஏற்றுமதி விலையைக் குறைத்தெழுதியும் இறக்குமதி விலையைக் கூட்டியெழுதியும் அந்நியச் செலாவணி களவாகக் கடல் கடக்கின்றது.

இக்களவை நிருபர் ஒருவர் தனித்துத் துருவினால் அவருக்கு யார் காவல்? ஊழலை எழுதிய லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8ஆம் திகதி கொல்லப்பட்டார்.

கூடித் துருவினால்? 2021இல் சர்வதேசப் புலனாய்வுப் பத்திரிகையாளர் கூட்டமைப்பு 600க்கு மேற்பட்டோரை ஒன்றுசேர்த்து, ஒரு கோடியே 19 இலட்சம் பண்டோரா ஆவணங்களை ஆராய்ந்தது. இலங்கையின் முன்னாள் பிரதியமைச்சர் ஒருவரின் பெயரும் வெளிவந்தது. அறுநூறு பேர் அறிந்த உண்மையை எவர் புதைப்பார்?

ஆதலின், சட்டத்தரணிகள் வழக்குத் துணையும், கணக்காளர்கள் கணக்கறிவும் நம் நிருபர்களுக்கு நல்குக! சந்தா அளித்து நாமனைவரும் அவர்களைத் தாங்குவோம். வேலியின்றிப் பயிரில்லை, துணையின்றிப் பேனாவில்லை!