குடும்பத் தலைவரான புனிதர்

(யூபிலிக் குடும்ப நாள் திருப்பலியில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



யூபிலி கொண்டாடும் இந்நாளில், வானம் பார்த்த இந்தப் பூமியில் பாடுபட்டு, பெற்ற பிள்ளைகளுக்குக் கஞ்சியோடு விசுவாசத்தையும் ஊட்டி வளர்த்த குடும்பத் தலைவர்களை நன்றியோடு நினைக்கிறோம். அவர்களுக்கெல்லாம் முன்மாதிரியாக விளங்கும் இல்லறத்தார் ஒருவரை இன்று உங்கள் முன் நிறுத்த விரும்புகிறோம். அவரே புனித தேவசகாயம்.

நமது மறவ நாட்டு ஓரியூரில் 1693ஆம் ஆண்டு இரத்தம் சிந்திய புனித அருளானந்தர், கடல் கடந்து வந்த துறவி. அதற்குப்பின் அறுபது ஆண்டு நிறையுமுன், நமக்குத் தெற்கே ஆரல்வாய்மொழியில் உயிர் கொடுத்தவரோ, உத்தியோகம் பார்த்து மனைவியோடு குடும்பம் நடத்திய நம்மவர்.

1712 ஏப்ரல் 23இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை அலுவலர். பார்கவி அம்மாளை மணந்து வசதியாக வாழ்ந்தவர். அந்த வீட்டிலும் துன்பம் நுழைந்தது. மாடுகள் மடிந்தன, பயிர் பொய்த்தது. கலங்கி நின்றவருக்கு, 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் பிடிபட்டு, பின் மன்னரின் படையையே பயிற்றுவித்த டிலனாய், யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னார். மந்தையையும் மக்களையும் இழந்தும் ஆண்டவரைப் பழிக்காத யோபு! ஐப்பசி மழை ஏமாற்றி, கண்மாய் வறண்டு, மிளகாயும் பருத்தியும் கருகிய ஆண்டுகளைக் கண்ட நமக்கு, அது அவர் நெஞ்சைத் தொட்ட காரணத்தை விளக்கவும் வேண்டுமோ?

1745 மே 14இல் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குருவான புத்தாரி சுவாமியிடம் ஞானஸ்நானம் பெற்றார். இலாசர் என்ற பெயரின் தமிழாக்கமே தேவசகாயம். தாம் பெற்ற ஒளியைத் தம் மனைவிக்குத் தாமே எடுத்துச் சொன்னார். அவரும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். நாம் வீடு மந்திரிக்க வரும்போது கேட்பதென்ன? "செபமெல்லாம் அவ பாத்துக்கிருவா சாமி" என்கிறார்கள் ஆண்கள். தேவசகாயத்தின் வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டவர் அவரே.

சாதி பாராமல் எல்லாரோடும் சமமாகப் பழகினார். அதுவும் பகையை வளர்த்தது. 1749இல் சிறைப்பட்டார். சவுக்கடி, எருமை மீதேற்றி ஊர்வலம் என மூன்றாண்டுக் கொடுமைக்குப்பின், 1752 சனவரி 14இல் காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 2022 மே 15இல் உரோமையில் அவரைப் புனிதராக உயர்த்தியபோது, சாதிப் பட்டத்தை விலக்கி, தேவசகாயம் என்றே திருச்சபை அழைத்தது. நம் பிள்ளைகளுக்குப் பெண்ணோ மாப்பிள்ளையோ பார்க்கும் வேளையில் இதையும் நினைப்போம்.

"விசுவாசத்தை விட்டிருந்தால் வீடு திரும்பியிருக்கலாமே! மனைவியைத் தவிக்கவிட்டவர் எப்படிக் குடும்பத்துக்கு முன்மாதிரி ஆவார்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடை ஞானப்பூ அம்மாளின் வாழ்விலே இருக்கிறது. கணவரை இழந்த அந்த அம்மாள், பழைய வாழ்வுக்குத் திரும்பிச் செல்லவில்லை. வடக்கன்குளத்திலேயே விசுவாசத்தில் நிலைத்திருந்து, 1766இல் அங்கேயே கண்மூடினார். வீடும் உத்தியோகமும் போயின, கணவரும் போனார், அவர் பகிர்ந்தளித்த விசுவாசம் அந்த 14 ஆண்டும் அம்மாளைத் தாங்கி நின்றது.

நம் பங்கிலும் பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போன தகப்பன்மார் உண்டு. அவர்களைக் குறை கூறுவாரில்லை. அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் அடுப்பு எரிகிறது. ஆனால் பணம் வராத மாதத்திலும், நோய் வந்த இரவிலும், மனைவி மக்கள் பற்றிக்கொள்ள எதை விட்டுச் சென்றிருக்கிறோம்?

புனிதரின் திருநாள் சனவரி 14. பொங்கலுக்கு எல்லாரும் ஊர் திரும்பும் காலம். அன்றிரவு ஒவ்வொரு வீட்டிலும் விளக்கேற்றி, குடும்பமாக அமர்ந்து செபமாலை சொல்லுங்கள். தகப்பனே தொடங்கட்டும். தெரியாத செபத்தைப் பிள்ளைகளிடம் கேட்டுச் சொல்வதில் வெட்கமில்லை. பின் ஊருக்குப் புறப்படும் நாளில், பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை அடையாளமிட்டு விட்டுச் செல்லுங்கள்.

நம் குடும்பங்கள் அனைத்தையும் புனித தேவசகாயத்தின் மன்றாட்டில் ஒப்படைக்கிறோம். ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.