பழைய ஜீப் வண்டியின் நடுக்கமும் அதன் காரணத்தைக் கண்டறியும் முறையும்

(ஆரையம்பதியில் விவசாயிகள் கூட்டத்தில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நெல்லின் நோயைப் பற்றியும் கத்தரியின் பூச்சியைப் பற்றியும் பேசவேண்டிய போதனாசிரியர் மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச முற்படுவது உங்களிற் சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆயினும் எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலுமாக வாழ்வோருக்கு வண்டியும் ஒரு விவசாயக் கருவியேயாகும். முன்னர் மண்முனைத் துறையிலே பாதையில் ஏற்றி வாவியைக் கடத்திய விதைநெல்லும் பசளையும், 2014ஆம் ஆண்டிற் பாலம் திறக்கப்பட்டபின் வண்டியிலேயே நேராகக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் செல்கின்றன. அவ்வண்டி விதைப்புக் காலத்தில் ஒரு வாரம் கராஜிலே கிடந்தால் நட்டம் யாருக்கு என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

உங்களிற் பலரிடம் பழைய லாண்ட் றோவர் அல்லது மிட்சுபிஷி ஜீப் இருக்கின்றது. பழையது என்பதற்காக அவற்றை இகழவேண்டாம். லாண்ட் றோவர் 1948ஆம் ஆண்டில் அம்ஸ்ரடாம் நகரக் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்டபோது, கமக்காரருடைய வேலைக்கு உதவும் வண்டியென்றே கருதப்பட்டது. யுத்தத்தின் பின் உருக்குத் தட்டுப்பாடாயிருந்தமையால் அதன் உடற்றகடுகளை அலுமினியத்தினாற் செய்தார்கள். உப்புக்காற்று வீசும் நம் ஊரில் அத்தகடுகள் இன்றும் துருவேறாமல் இருப்பதைக் காண்கின்றீர்கள். அடியிலுள்ள சட்டமோ உருக்கு, அது துருவேறும். இதனை நினைவில் வைத்திருங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

இவ்வண்டிகள் ஒரு குறிப்பிட்ட வேகத்தை எட்டியதும் நடுங்குகின்றன என்பதே பலருடைய முறைப்பாடு. நடுக்கம் என்றவுடன் கியர்ப்பெட்டியைக் கழற்றிவிடுகின்றார்கள். நெல்லின் இலை மஞ்சளித்தால் நைதரசன் குறைவு காரணமாகலாம், உவர் காரணமாகலாம், வேர் அழுகலும் காரணமாகலாம். எல்லாவற்றுக்கும் யூறியா எறிபவனை நீங்கள் நல்ல விவசாயி என்று சொல்வீர்களா? வண்டியிலும் அவ்வாறே. எப்பொழுது நடுங்குகின்றது, எதனோடு சேர்ந்து நடுங்குகின்றது என்று முதலில் அறியவேண்டும். அதற்குப் பணம் எதுவும் வேண்டியதில்லை.

முதலாவது சோதனையை வண்டியை நிறுத்திவைத்தே செய்யலாம். கியரைப் பொதுநிலையில் விட்டு, ஓடும்போது நடுக்கம் தோன்றுகின்ற அளவுக்கு எஞ்சினை முடுக்குங்கள். நின்ற நிலையிலும் நடுங்கினால் குற்றம் எஞ்சினிலோ அதனைத் தாங்கும் இறப்பர்க் கட்டைகளிலோ கிளச்சிலோ இருக்கின்றது. நடுங்காவிடின், வண்டியை ஆளரவமற்ற நேரான பாதைக்குக் கொண்டுசெல்லுங்கள். கல்முனை வீதி வேண்டாம். அங்கே பேருந்துகள் உங்களுக்குச் சோதனை செய்ய இடந்தரா. நடுக்கம் தோன்றும் வேகத்தை மூன்றாம் கியரில் ஒருமுறையும் நான்காம் கியரில் ஒருமுறையும் எட்டிப்பாருங்கள். வேகம் ஒன்றே, எஞ்சினின் சுழற்சிதான் வேறு. இரண்டிலும் அதே வேகத்தில் நடுங்குமாயின் குற்றம் கியர்ப்பெட்டிக்குப் பின்னால், அதாவது தண்டிலோ அச்சிலோ சில்லிலோ இருக்கின்றது. எஞ்சினைக் குறைகூறவேண்டாம்.

அடுத்ததாக, அதே வேகத்திற் கிளச்சை மிதித்துக் கியரைப் பொதுநிலைக்கு எடுத்து வண்டியைத் தானாக உருளவிடுங்கள். எஞ்சினை நிறுத்தலாகாது. நடுக்கம் தொடருமாயின் சில்லு அல்லது தண்டு நிறைசமன் இன்றிச் சுழல்கின்றது. உருளவிட்டதும் மறைந்து, அக்சிலறேற்றரை மிதித்ததும் திரும்பி வருமாயின், பாரம் இழுக்கும்போது நொய்ந்துபோகும் ஏதோவொரு மூட்டு இருக்கின்றது.

சில்லையும் தண்டையும் எவ்வாறு பிரித்தறிவது? இங்கே சிறிது கணக்குப் பார்ப்போம். 6.00-16 அளவு ரயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.2 மீற்றர் செல்லும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் அது நிமிடத்திற்கு ஏறக்குறைய 450 சுற்று, அதாவது செக்கனுக்கு ஏழெட்டுச் சுற்றுச் சுழலும். லாண்ட் றோவரிலோ கியர்ப்பெட்டியிலிருந்து அச்சுக்குச் செல்லும் தண்டு, சில்லு ஒருமுறை சுற்றுவதற்குள் 4.7 முறை சுற்றுகின்றது. ஆகவே செக்கனுக்கு 35 சுற்று ஆகின்றது. செக்கனுக்கு ஏழெட்டு என்பது கையினால் உணரத்தக்க உலுக்கல். ஸ்ரியறிங்கிலும் இருக்கையிலும் தெரியும். முப்பத்தைந்து என்பது எண்ணமுடியாத அதிர்வு. தரைத்தகட்டிற் பாதம் கூசும், பின்பார்வைக் கண்ணாடியில் உருவம் கலங்கும், வண்டின் ரீங்காரம் போன்ற ஓசையும் எழும். உலுக்கலானால் சில்லைப் பாருங்கள், கூச்சமானால் தண்டைப் பாருங்கள்.

சில்லு விடயம் எளிது. படுவான்கரை வட்டைகளின் களிமண் றிம்மின் உட்புறத்தில் அப்பிக் காய்ந்துவிட்டால் அதுவே போதும், வண்டி உலுக்கும். அறிந்தவர் ஒருவர் இதற்காகக் கியர்ப்பெட்டியை இருமுறை திறப்பித்தார். மூன்றாவது முறை வண்டியைக் கழுவிய பையன் ஒரு கரண்டியினால் மண்ணைச் சுரண்டி எறிய நடுக்கம் போயிற்று. மண் இல்லையெனின், முன் சில்லுகளைப் பின்னுக்கு மாற்றி ஓட்டிப்பாருங்கள்; உலுக்கலும் இடம் மாறினால் அந்த ரயர்தான் குற்றவாளி.

இனித் தண்டு. கராஜ்களிலே ‘புறொப்பெலர் சாவ்ட்’ என்று வழங்கும் இவ்விரும்புக் குழாயின் இரு நுனியிலும் ‘குறொஸ்’ எனப்படும் சிலுவை வடிவான மூட்டு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ரொபேட் ஹூக் என்னும் விஞ்ஞானி ஆராய்ந்த மூட்டு இது. வளைந்த கோணத்தில் சுழலும்போது ஒரு குறொஸ் தன் தண்டை ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைவாகவும் இருமுறை மெதுவாகவும் தள்ளும். மறுநுனிக் குறொஸ் இதனைச் சரிக்கட்டும். ஆனால் இரு நிபந்தனைகள் உள. தண்டின் இரு நுனிக் கவைகளும் ஒரே தளத்தில் நேர்கொண்டு நிற்கவேண்டும். இரு மூட்டுகளின் கோணமும் சமமாயிருக்கவேண்டும். இவ்விரண்டையும் நம்மவர் பலர் அறியாமலே கெடுத்துவிடுகின்றார்கள். கிறீஸ் பூசுவதற்காகத் தண்டின் பல்லிணைப்பைக் கழற்றி, அடையாளம் இடாமல், ஒரு பல் தவறி மாட்டிவிட்டால், நேற்றுவரை அமைதியாக ஓடிய வண்டி இன்று நடுங்கும். கழற்றுமுன் இரு பகுதியிலும் நேராக ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். மற்றது, நெல் மூட்டை கூடுதலாக ஏற்றுவதற்காகப் பின் வில்லிற் கூடுதல் தகடு செருகுவது. வண்டி உயரும், கோணம் கெடும், குறொஸ் விரைவில் தேயும். இவ்வழக்கத்தை நான் ஆதரிக்கமாட்டேன். மூட்டையைக் குறைத்து இருமுறை செல்வது மலிவு.

தண்டைப் பார்க்க வண்டியின் கீழே செல்லவேண்டும். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. இதனை இரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத்தக்கதாக மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். பழைய லாண்ட் றோவரின் கைப்பிறேக் சில்லைப் பிடிப்பதில்லை. கியர்ப்பெட்டிக்குப் பின்னே, பின்தண்டு தொடங்கும் இடத்திலுள்ள உருளையையே பிடிக்கின்றது. வேறு பல பழைய ஜீப்புகளிலும் இவ்வமைப்பே. ஆகையால் பின்தண்டைக் கழற்றிய கணமே கைப்பிறேக்குக்குப் பயனில்லை. ஒரு பின்சில்லை ஜக்கினால் உயர்த்தினாலும் அவ்வாறே; மற்றச் சில்லு தரையில் இருந்தபோதிலும் வண்டி உருண்டுவிடும், கீழே படுத்திருப்பவர் எழும்பமாட்டார். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, திறப்பைச் சட்டைப்பையில் வைத்து, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பின்னரே கீழே செல்லுங்கள். ஜக்கை மாத்திரம் நம்பி ஒருவரும் வண்டிக்குக் கீழே போகலாகாது.

கீழே சென்றதும் தண்டிற் சுற்றிய வைக்கோலையும் நைலோன் கயிற்றையும் அகற்றுங்கள். மண்ணைத் துடைத்துவிட்டு, கல்லில் அடிபட்ட பள்ளம் உண்டா எனக் கையினால் தடவிப் பாருங்கள். பின்னர் கியரைப் பொதுநிலையில் விட்டு, கைப்பிறேக்கையும் தளர்த்தி, ஒவ்வொரு குறொஸ்ஸின் இருபுறக் கவைகளையும் இரு கைகளாற் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். மேலும் கீழுமாகவும் அசையுங்கள். குறொஸ்ஸிலேயே ஆட்டம் தெரிந்தால் அது தேய்ந்துவிட்டது. அதன் நான்கு மூடிகளுள் ஒன்றைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி கண்டாலும், உள்ளேயுள்ள ஊசி உருளைகள் கிறீஸின்றி அரைபடுகின்றன என்பது பொருள். முன்னுக்கும் பின்னுக்கும் கியர் மாற்றும்போது ‘டக்’ என்று ஓசை கேட்பதும் பெரும்பாலும் இதனாலேயே. இவ்வோசையுடன் ஒரு போகம் முழுவதும் ஓடித்திரிபவர்கள் உண்டு. குறொஸ் ஒருநாள் உடைந்து, தண்டின் முன்நுனி விழுந்து வீதியிற் குத்துமாயின், பாரமேற்றிய வண்டியையே அது தூக்கி எறிந்துவிடும். குறொஸ்ஸின் விலை ஒரு மூட்டை நெல்லின் விலையோடு ஒப்பிடத்தக்கது. அதற்கு மேல் நான் கூறவேண்டியதில்லை.

குறொஸ் நன்றாயிருந்தால், கியர்ப்பெட்டியைத் தாங்கும் கட்டைகளையும் அவை பொருந்தியுள்ள சட்டத்தையும் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். முன் சொன்ன உருக்குச் சட்டம் இதுதான். மந்தமான ஓசை கேட்குமிடத்தில் துரு உள்ளே தின்றிருக்கின்றது. வில்லை அச்சோடு பிணைக்கும் யூ வடிவப் போல்ட்டுகளின் நட்டுகளையும் இறுக்கிப் பாருங்கள். அச்சின் நடுப்பெட்டியிலே தண்டு நுழையும் இடத்தில் ஆட்டமிருந்தால், அதனை அறிந்த கைகளிடமே ஒப்படையுங்கள்.

முன்தண்டைப் பலர் மறந்துவிடுகின்றார்கள். இரு சில்லு ஓட்டத்தில் அது நிற்கின்றது என்று எண்ணுகின்றார்கள். முன்சில்லுகளிற் கழன்று சுழலும் பூட்டு இல்லாத வண்டியில் அத்தண்டு எந்நேரமும் சுழன்றுகொண்டேயிருக்கும். பூட்டு உள்ள வண்டியில் அதனைத் திறந்துவிட்டு ஓட்டிப்பாருங்கள். நடுக்கம் நின்றால் குற்றம் முன்புறத்தில். நான்கு சில்லு ஓட்டத்தைத் தார்வீதியிற் போட்டுச் செல்வதும் தவறு. வளைவில் முன்சில்லும் பின்சில்லும் வெவ்வேறு தூரம் செல்லுகையில் தண்டுகள் முறுகும். அதனைச் சேற்றுக்கென வைத்துக்கொள்ளுங்கள்.

வாவியோரத்து உவர்நீரில் இறங்கிய வண்டியை அன்றே நல்ல தண்ணீரினாற் கழுவி, குறொஸ்களுக்குக் கிறீஸ் ஏற்றுங்கள். நான்கு மூடிகளிலும் புதிய கிறீஸ் கசியும்வரை ஏற்றவேண்டும். ஒரு மூடியில் மாத்திரம் கசியாவிடின் அந்தக் குறொஸ்ஸை மாற்றுவதற்கு நாட் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது ஒரு தண்டின் இரு குறொஸ்களையும் சேர்த்தே மாற்றுவது நன்று. புதிதாகப் பூட்டிய போல்ட்டுகளைக் கொக்கட்டிச்சோலைக்கு முதற்பாரம் ஏற்றிச் சென்று திரும்பியதும் மறுபடி ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.